என் ரூட்டை ஏன் இன்னொருத்தருக்குக் குடுத்தாங்க? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்க டெலிவரி டிரைவர் வேலை பத்தி போறபோக்குல ரெண்டு பத்தி எழுதிட்டேன், அதுக்கு வந்த கடிதம் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா முக்கால்வாசி ஒரே கேள்விதான், சீனியாரிட்டின்னா என்ன, அதை வெச்சு ரூட் எப்படிப் பிரிக்கறாங்க, எனக்கு ஏன் கிடைக்கல. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். நான் வக்கீல் இல்ல. அங்க யூனியன் இருந்த ஒரு கம்பெனியில 18 வருஷம் வண்டி ஓட்டினேன், கடைசி ஆறு வருஷம் ஸ்டீவர்டாவும், அதாவது வேலை இடத்துல யூனியன் பிரதிநிதியாவும், இருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். ஒரு எச்சரிக்கை, கம்பெனியும் யூனியனும் போடற ஒப்பந்தம் ஊருக்கு ஊர் மாறும், அதனால நான் சொல்றதை அப்படியே எடுத்துக்கிட்டு மேனேஜர்கிட்ட போய் நிக்காதீங்க, உங்க லோக்கல் (யூனியனோட உள்ளூர் கிளை) ஒப்பந்தத்தைப் பிரிச்சு ஒரு தடவை சரி பாத்துக்குங்க.

கேள்வி: அண்ணே, யூபிஎஸ்னு பார்சல் டெலிவரி கம்பெனியில டிரைவரா சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. தினமும் வேற வேற ரூட்ல தள்ளி விடறாங்க. எங்க சென்டர்ல ஒருத்தர் 22 வருஷமா ஒரே ரூட், ஆபீஸ் கட்டடமா பாத்து டெலிவரி, வெயில்ல கூட நிக்க வேணாம். அவரைவிட நான் வேகம், சூப்பர்வைசரே சொல்றார். திறமைக்கு மதிப்பே இல்லையா? (எடிசன், நியூஜெர்சி)

தம்பி, கோவம் புரியுது. எட்டாவது மாசத்துல நானும் இதையேதான் கேட்டேன், என்னோட ஸ்டீவர்டு ஒரு இத்தாலிக்காரர், பதிலே சொல்லல, சிரிச்சார்.

சீனியாரிட்டிங்கறது திறமைக்குக் குடுக்கற சான்றிதழ் இல்ல. அது ரேஷன் கடை வரிசை மாதிரி. முன்னாடி நிக்கறவர் உங்களைவிட நல்லவர்னு அர்த்தம் கிடையாது, முன்னாடி வந்தார், அவ்வளவுதான். அந்த வரிசையோட மதிப்பு எங்க இருக்குன்னா, கடைக்காரர் தனக்கு வேண்டியவங்களை நடுவுல நுழைக்க முடியாது. உங்க சூப்பர்வைசர் இன்னிக்கு 'நீ வேகம்'னு சொல்றார், நாளைக்கு வேற சூப்பர்வைசர் வருவார், அவருக்கு உங்க மூஞ்சி புடிக்காது, அப்ப அந்த வேகம் எங்க போகும்? திறமையைப் பாத்து ரூட் குடுக்கறோம்னு ஆரம்பிச்சா திறமையை அளக்கறது யாருன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அங்கதான் எல்லாமே கெட்டுப் போகுது. இன்னொண்ணு, வேகத்துக்கு ரூட்டுன்னு வெச்சா எல்லாரும் ஓட ஆரம்பிப்பாங்க, முழங்காலும் முதுகும் நாப்பது வயசுக்குள்ள முடிஞ்சிரும். அந்த ஆபீஸ் கட்டடக்காரர் 22 வருஷத்துக்கு முன்னாடி நாய் துரத்தற ரூட்ல ஓடினவர்தான், கேட்டுப் பாருங்க.

நடைமுறை என்னன்னா, ஒரு ரூட் காலியானா, இல்ல சில இடத்துல வருஷத்துக்கு ஒரு தடவை, 'பிட்'னு போர்டுல ஒட்டுவாங்க. விருப்பம் இருக்கறவங்க கையெழுத்துப் போடுவாங்க, அதுல சீனியாரிட்டி தேதி யாருக்குப் பழசோ அவருக்கு ரூட். பிட் இல்லாதவங்க கவர் டிரைவர், லீவுல போனவங்க ரூட்டை ஓட்டறவங்க. நீங்க இப்ப அங்க இருக்கீங்க. பிளைண்டா ஒரு ரூட்ல போறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், வண்டிக்குள்ள ஷெல்ஃபுல 1000ல இருந்து 8000 வரைக்கும் நம்பர் போட்டிருக்கும், விடியறதுக்கு முன்னாடி லோடு பண்ணவங்க அதுல ரெண்டு பெட்டியை மாத்தி வெச்சிருப்பாங்க, அந்த ரூட்டோட வழக்கமான டிரைவருக்கு அது எங்க இருக்கும்னு மூக்கே சொல்லும், உங்களுக்கு முழு வண்டியையும் தலைகீழா கவுத்துத்தான் கண்டுபிடிக்கணும். எந்த அபார்ட்மெண்ட் கேட்டுக்கு என்ன கோடு, எந்த வீட்டுல பின்பக்கம் வெக்கணும், இதெல்லாம் எந்த மெஷின்லயும் முழுசா இருக்காது. அதனால ஒரு சின்ன நோட்டு வெச்சுக்குங்க, ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு பக்கம், கேட் கோடு, நாய், டாய்லெட் எங்க இருக்கு, எல்லாம் எழுதுங்க. ரெண்டு வருஷத்துல சென்டர்ல எல்லா ரூட்டும் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்களா இருப்பீங்க, பிட் வர்றப்போ எதுல கையெழுத்துப் போடலாம் எதுல போடக்கூடாதுன்னு மத்தவங்களைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். பாக்க அழகா இருக்கற ரூட் எல்லாம் அழகு இல்ல தம்பி, லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடம் நிறைய ஒளிஞ்சிருக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 14 வருஷ சர்வீஸ், பிட் போட்டு வாங்கின ரூட். ஆனா ஜனவரி வந்துட்டா வாரத்துல ரெண்டு நாள் 'உன் ரூட் இன்னிக்கு கட்'னு சொல்லி வேற எங்கயோ அனுப்பறாங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல வர்றார். பிட் போட்ட ரூட்டைப் பிடுங்கலாமா? (இர்விங், டெக்சாஸ்)

அம்மா, இங்க ஒரு வித்தியாசம் புரிஞ்சுக்கணும். ரூட்டுதான் அவருக்குச் சொந்தம், அதுல இருக்கற ஸ்டாப் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். கிறிஸ்துமஸ் சீசன் முடிஞ்சதும் பெட்டி குறையும், அப்ப கம்பெனி சில ரூட்டை அன்னிக்கு மட்டும் மூடி, அந்த ஸ்டாப்புகளைப் பக்கத்து ரூட்டுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கும். ரூட்டைக் கூட்டறதும் குறைக்கறதும் பெரும்பாலான ஒப்பந்தத்துல கம்பெனி கையிலதான். யூபிஎஸ்ல ஓரியன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, பத்து வருஷத்துக்கு மேல ஓடுது, எந்த வீட்டுக்கு முதல்ல போகணும்னு அது வரிசை போடும், ரூட் யாருக்குங்கறதை அது முடிவு பண்ணாது, அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

கேக்க வேண்டிய கேள்வி, 'என் ரூட்டை ஏன் மூடினீங்க' இல்ல. 'மூடினதுக்கு அப்புறம் என்னை எங்க அனுப்பினீங்க, அன்னிக்கு எனக்கு ஜூனியர் யாரு எந்த ரூட் ஓட்டினார்' அதுதான். பல லோக்கல்ல, ரூட் கட் ஆன டிரைவர் தனக்கு ஜூனியர் யாரையாவது பம்ப் பண்ணி, அதாவது இடத்தைவிட்டு நகத்தி, அவர் ரூட்டை எடுத்துக்கலாம், இல்லேன்னா தன்னோட ஸ்டாப்புல பெரும்பகுதி எந்த ரூட்டுக்குப் போச்சோ அதுக்குப் பின்னாடியே போகலாம். சில லோக்கல்ல ரெண்டுமே இல்ல. அவர் சப்ளிமென்ட்ல, அதாவது முக்கிய ஒப்பந்தத்தோட சேர்ற வட்டார ஒப்பந்தத்துல, என்ன இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க.

அப்படி விதி இருந்து மீறிட்டாங்கன்னா கிரீவன்ஸ், அதாவது ஒப்பந்தத்தை மீறினதுக்கு எழுத்துல புகார், போடணும், அதைப் போடறதுலதான் நம்ம ஆளுங்க கோட்டை விடறாங்க. ஸ்டீவர்டா இருந்தப்ப எனக்கு வந்த பேப்பர்ல பாதி 'எனக்கு அநியாயம் நடந்துச்சு, மேனேஜர் மதிக்கல'ன்னு ஆரம்பிக்கும். அதை வெச்சு நான் என்ன பண்றது? இப்படி எழுதணும்: 'திங்கட்கிழமை, இன்ன தேதி, காலை 8.50க்கு என் ரூட் இன்ன நம்பர் கட் ஆச்சு. என் சீனியாரிட்டி தேதி இது. என்னைவிட ஜூனியர், அவர் தேதி இது, இன்ன நம்பர் ரூட் ஓட்டினார். நான் பம்ப் கேட்டேன், இன்ன சூப்பர்வைசர் மறுத்தார். இதனால எனக்கு இத்தனை மணிநேரம் கூடுச்சு, இல்ல குறைஞ்சுச்சு.' நாலே வரி போதும், அதுல நாலு எண் இருக்கணும். கிரீவன்ஸ் போட கெடு பெரும்பாலும் மாசக்கணக்குல இருக்காது, நாள்கணக்குதான், 'அப்புறம் பாத்துக்கலாம்'னு விட்டா அப்புறம் கிடையாது.

ராத்திரி எட்டு மணிங்கறது வேற பிரச்சனை. யூபிஎஸ்ல 9.5 லிஸ்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுல பேர் எழுதிக் குடுத்தவங்களை வாரத்துல மூணு நாள் ஒம்பதரை மணிநேரத்துக்கு மேல வேலை வாங்கினா கம்பெனி அபராதச் சம்பளம் குடுக்க வேண்டி வரும். பேர் குடுக்காதவங்களுக்கு இது கிடையாது. உங்க வீட்டுக்காரர் குடுத்திருக்காரான்னு கேளுங்க.

ஒரே ஒரு விஷயம், கோவத்துல 'போகமாட்டேன்'னு சொல்லிடக் கூடாது. உயிருக்கு ஆபத்தான வேலைன்னா தவிர, முதல்ல போ அப்புறம் எழுது, இதுதான் யூனியன் வேலையோட முதல் பாடம். மறுத்துட்டு நின்னா அது சீனியாரிட்டி கேஸா இருந்தது சொன்னதைக் கேக்காத கேஸா மாறிடும். ஆபீஸுக்குள்ள கூப்பிட்டு விசாரிக்கறாங்கன்னா, அதுல தண்டனை வரும்னு தோணிச்சுன்னா, 'என் ஸ்டீவர்டு வேணும்'னு வாயைத் தொறந்து கேக்கணும், அவங்களா தரமாட்டாங்க. வைன்கார்ட்டன் உரிமைன்னு பேர், 1975ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹூஸ்டன்ல ஒரு கடையில வேலை பாத்த அம்மா ஒரு டாலருக்குச் சிக்கன் வாங்கினதை, 2.98 டாலர் சிக்கனைத் திருடினதா குடைஞ்ச கேஸ். ஒரு பெட்டி கோழியில இருந்து வந்த உரிமை, ஐம்பது வருஷமா யூனியன் ஆளுங்க எல்லாரையும் காப்பாத்துது.

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு அஞ்சு வாரம் திருச்சி போறேன். அந்த நேரத்துல பிட் வந்தா? (ராலே, வட கரோலினா)

எழுதிக் குடுத்துட்டுப் போங்க தம்பி. இதை நான் சொல்றது படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இல்ல. அம்மா திதிக்கு மூணு வாரம் காரைக்குடி போயிருந்தேன், எனக்கு ஏழு வருஷ சீனியாரிட்டி, நான் கண்ணு வெச்சிருந்த ரூட்டை ஓட்டினவர் திடீர்னு ஃபீடர் வண்டிக்கு (பில்டிங்குக்கு பில்டிங் பெட்டி ஏத்திப் போற பெரிய லாரி) போயிட்டார், அந்த நேரம் பாத்து பிட் ஒட்டி, ஒரு வாரத்துல எடுத்துட்டாங்க. திரும்பி வந்து வண்டியில ஏறப் போறேன், ஜூனியர் பையன் அந்த ரூட் சாவியை விரல்ல சுத்திக்கிட்டு நிக்கறான். கிரீவன்ஸ் போட்டேன், தோத்தேன், ஏன்னா ஒட்டின தேதி சரி, எடுத்த தேதி சரி, நான்தான் இல்ல. லீவுல இருக்கறவங்க முன்கூட்டியே விருப்பத்தை எழுதி ஸ்டீவர்டுகிட்ட குடுத்தா ஏத்துக்கணும்னு எங்க ஒப்பந்தத்துலயே ஒரு வரி இருந்துச்சு, நான் படிக்கல. உங்க ஒப்பந்தத்துல அப்படி வரி இருக்கான்னு பாருங்க, இருந்தா 'இந்த மூணு ரூட்ல எது வந்தாலும் நான் கேக்கறேன்'னு எழுதி, தேதி போட்டு, ஸ்டீவர்டு கையெழுத்து வாங்கி, ஒரு போட்டோ எடுத்து ஃபோன்ல வெச்சுக்குங்க. கல்யாணத்துக்கு வாழ்த்துக்கள்.

கேள்வி: 2019ல 22.4 டிரைவரா எடுத்தாங்க. 2023க்கு அப்புறம் ரெகுலர் டிரைவர்னு மாத்திட்டாங்க. என் சீனியாரிட்டி எப்பல இருந்து? 22.4ன்னா என்னன்னே இப்ப வர்ற பசங்களுக்குத் தெரியல. (சிகாகோ)

சொல்றேன், இது கொஞ்சம் சூடான கதை. 2018ல யூபிஎஸ்ஸும் டீம்ஸ்டர்ஸ் யூனியனும் போட்ட ஒப்பந்தத்துல 22.4ங்கற பிரிவுல ஒரு புது வகை டிரைவரைக் கொண்டாந்தாங்க, அதே வண்டி, அதே யூனிஃபார்ம், அதே பெட்டி, ஆனா சம்பளம் கம்மி, ஓவர்டைம் பாதுகாப்பு கம்மி. வோட்டு எடுத்தப்ப 54 சதவீதம் பேர் வேண்டாம்னாங்க. ஆனா மொத்த உறுப்பினர்ல பாதிக்கும் குறைவான பேர்தான் வோட்டு போட்டதால, மூணுல ரெண்டு பங்கு எதிர்த்தாதான் தள்ளுபடின்னு ஒரு பழைய விதியைக் காட்டித் தலைமை அதை நிறைவேத்திடுச்சு. அந்தக் கடுப்புல 2021 மாநாட்டுல அந்த விதியையே தூக்கினாங்க, அதே வருஷத் தேர்தல்ல ஷான் ஓ'பிரையன் டீம்ஸ்டர்ஸ் தலைவரா ஜெயிச்சார். 2023ல ஸ்ட்ரைக் வாசல் வரைக்கும் போய் வந்த ஒப்பந்தம், 86.3 சதவீதம் ஆதரவு, கிட்டத்தட்ட 3,40,000 பேருக்கு, 2028 ஜூலை 31 வரைக்கும் செல்லும். அதுல 22.4 ஒழிஞ்சுது, அவங்க எல்லாரையும் ரெகுலர் பேக்கேஜ் கார் (டெலிவரி வண்டி) டிரைவராக்கி சீனியாரிட்டி வரிசையில சேத்தாங்க.

அதனால 2023 தேதி போட்டு உங்களைக் கடைசியில நிறுத்தக் கூடாது. ஆனா பேப்பர்ல எழுதியிருக்கறது வேற, உங்க பில்டிங் போர்டுல தொங்கற லிஸ்ட் வேற. லிஸ்டைப் போய்ப் பாருங்க. ஃபுல் டைமா சேர்ந்த தேதி சரியா இருக்கான்னு பாருங்க, பழைய சம்பளச் சீட்டு ஒண்ணு கையில இருக்கட்டும். தப்பான தேதி ரெண்டு மூணு வருஷம் யாரும் கேக்காம தொங்கிடுச்சுன்னா அப்புறம் அதை மாத்தறது மலையைப் புரட்டற வேலை.

பார்ட் டைமா உள்ள பெட்டி தூக்கின வருஷம் கணக்குல வருமான்னு அடுத்த கடிதத்துல ஒருத்தர் கேட்டிருக்கார், இங்கயே சொல்லிடறேன். லீவு, பென்ஷனுக்கு ஒரு தேதி, ரூட் பிட்டுக்கு வேற தேதின்னு பெரும்பாலும் ரெண்டு தேதி இருக்கும், ரூட்டுக்கு ஃபுல் டைம் தேதிதான். பார்ட் டைம்ல இருந்து ஃபுல் டைமுக்கு வர்ற கதவே பெருசாத் தொறந்தது 1997 யூபிஎஸ் ஸ்ட்ரைக்குக்கு அப்புறம்தான், ஆகஸ்ட்ல 15 நாள், 1,85,000 பேர், அப்ப டீம்ஸ்டர்ஸ் தலைவர் ரான் கேரி, அவரே நியூயார்க் குவீன்ஸ்ல யூபிஎஸ் வண்டி ஓட்டினவர். 10,000 புது ஃபுல் டைம் வேலை வாங்கினாங்க.

கேள்வி: எங்க பில்டிங்கை மூடப் போறாங்க, 40 மைல் தள்ளி வேற பில்டிங்னு சொல்றாங்க. எனக்கு 16 வருஷ சீனியாரிட்டி. அங்க போனா எத்தனாவது ஆளா நிப்பேன்? (ஒஹாயோ)

இந்தக் கேள்வி இப்ப நிறைய பேருக்கு இருக்கும். யூபிஎஸ் 2025 ஜனவரியில அமேசான் பெட்டியைப் பாதிக்கும் மேல குறைக்கப் போறோம்னு அறிவிச்சு, ஏப்ரல்ல 73 கட்டடம் மூடறோம், 20,000 வேலை குறையுதுன்னு சொன்னாங்க.

ரெண்டு லிஸ்டைச் சேக்கறதுக்கு ரெண்டு வழி இருக்கு. டவ்டெயில்னு சொல்றது, ரெண்டு சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போட்டு மறுபடி தேதி வாரியா அடுக்கற மாதிரி, உங்க 16 வருஷம் அப்படியே 15 வருஷக்காரருக்கு முன்னாடி போய் உக்காரும். எண்ட்டெயில்னா, அந்த பில்டிங் லிஸ்ட் முடிஞ்ச இடத்துல உங்க லிஸ்ட் ஆரம்பிக்கும், அங்க போன மாசம் சேர்ந்த பையனுக்குப் பின்னாடி நீங்க. சம்பளம் குறையாது, லீவு நாள் குறையாது, ஆனா ரூட் எடுக்கறதுல 16 வருஷம் ஆவியாப் போயிடும். கம்பெனியா வேலையைத் தூக்கிட்டுப் போய் இன்னொரு பில்டிங்ல போட்டா ஆளும் வேலைக்குப் பின்னாடி டவ்டெயிலா போகலாம்ங்கறது வழக்கம், நீங்களா ஆசைப்பட்டு மாத்தல் கேட்டா கடைசியில நிக்கறதுதான் வழக்கம். இந்த வித்தியாசம் இருக்கறதால, 'சும்மா ஒரு ஃபார்ம், கையெழுத்துப் போடுங்க'ன்னு யாராவது நீட்டினா, அதுல 'சொந்த விருப்பம்'னு ஒரு வரி இருக்கான்னு பாத்துட்டு, லோக்கலுக்கு ஒரு ஃபோன் பண்ணிட்டு அப்புறம் பேனாவை எடுங்க.

அங்க இருக்கற டிரைவர்கள் உங்களைப் பாத்து மூஞ்சி தூக்குவாங்க, அதுக்கும் தயாரா இருங்க, அவங்க 11 வருஷமா எதிர்பாத்துக்கிட்டு இருந்த ரூட்டை நீங்க முதல் நாளே எடுப்பீங்க. அவங்க இடத்துல இருந்தா நானும் தூக்கியிருப்பேன்.

கேள்வி: முதுகுல டிஸ்க் பிரச்சனை, டாக்டர் கனமான பெட்டி தூக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கார். லைட் ரூட் ஒண்ணு இருக்கு, ஆனா அது சீனியருக்குப் போயிடும்ங்கறாங்க. மாற்றுத் திறனாளி சட்டம் உதவாதா? (பெயர் வேண்டாம்)

உதவும், ஆனா சீனியாரிட்டி லிஸ்ட்ல வந்து முட்டி நிக்கும். 2002ல யூஎஸ் ஏர்வேஸ் கேஸ்னு ஒண்ணு. சரக்கு ஏத்தற ஒருத்தர் முதுகுல அடிபட்டு மெயில் ரூமுக்கு மாறினார், அந்த வேலை சீனியாரிட்டி பிட்டுக்கு வந்துச்சு, சீனியர் கேட்டார், இவர் வெளிய போக வேண்டியதாச்சு. உச்ச நீதிமன்றம் அஞ்சுக்கு நாலுன்னு சொன்னது, பொதுவா சீனியாரிட்டி முறையை உடைச்சு இடம் குடுக்கச் சொல்றது நியாயமான கோரிக்கை ஆகாதுன்னு. ஒரு சந்து விட்டாங்க, கம்பெனியே அந்த விதியை அடிக்கடி மீறியிருந்தா, விதிவிலக்கு குடுத்துக்கிட்டே இருந்தா, அதைக் காட்டி வாதாடலாம்.

அதனால 'அந்த ரூட்டைக் குடுங்க'ன்னு மட்டும் கேட்டு நிக்காதீங்க. யார் சீனியாரிட்டியையும் தொடாத வழியைக் கேளுங்க, கைவண்டி, கனமான பெட்டிக்கு மட்டும் ஹெல்ப்பர், உள்வேலை, அந்த மாதிரி. எல்லாத்தையும் எழுத்துலயே கேளுங்க. உங்க கேஸ்ல வக்கீலைப் பாக்கறதுதான் சரி, பத்திரிகை பதிலை வெச்சு முதுகைப் பணயம் வெக்க வேணாம்.

கேள்வி: நாங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற குடும்பம். போஸ்ட் ஆபீஸ்ல வேலை, ஞாயிறு அமேசான் பெட்டி போடச் சொல்றாங்க, ஜூனியர்னு என்னையே கூப்பிடறாங்க. (பென்சில்வேனியா)

உங்க மாநிலத்துலயே நடந்த கேஸ் இருக்கு. ஜெரால்ட் கிராஃப்னு ஒரு கிராமத்துத் தபால் ஊழியர், உங்க மாதிரியே ஞாயிறு வேலை செய்யமாட்டேன்னார், சின்ன ஆபீஸுக்கு மாறிப் பாத்தார், அங்கயும் அமேசான் வந்துச்சு, 2019ல ராஜினாமா பண்ணிட்டு வழக்குப் போட்டார். 2023 ஜூன் 29ல உச்ச நீதிமன்றத்தோட ஒன்பது நீதிபதியும் ஒரே குரல்ல சொன்னாங்க, சின்ன அசௌகரியத்தைக் காட்டிக் கம்பெனி மறுக்க முடியாது, தொழிலுக்கே கணிசமான செலவு வரும்னு நிரூபிக்கணும்னு. அதனால இப்ப உங்க கை முன்னாடியைவிட பலமா இருக்கு.

ஆனா சீனியாரிட்டி மட்டும் அப்படியே நிக்குது. 1977ல கான்சாஸ் சிட்டியில விமானக் கம்பெனி ஒண்ணுல சனிக்கிழமை ஓய்வுநாள் கடைப்பிடிச்ச ஹார்டிசன்னு ஒருத்தர் கேஸ். அவர் ஒரு கட்டடத்துல இருந்தவரைக்கும் சனி லீவு எடுக்கற அளவுக்கு சீனியாரிட்டி இருந்துச்சு. வேற கட்டடத்துக்கு மாறினார், அங்க தனி லிஸ்ட், கடைசிக்கு முந்தின ஆள் ஆயிட்டார், சனி லீவு போச்சு. மத்தவங்க ஒப்பந்த உரிமையைப் பிடுங்கி உனக்குக் குடுக்கச் சட்டம் சொல்லலன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, 2023லயும் அதைத் தொடல. அதனால, மனசார ஷிஃப்ட் மாத்திக்க ஆள் இருந்தா அந்தப் பேரை எழுதி கோரிக்கையோட சேருங்க, அதுக்கு நல்ல மதிப்பு இருக்கு. மாத்தல் மட்டும் அவசரப்பட்டுக் கேக்காதீங்க, ஹார்டிசன் பட்டது போதும்.

கேள்வி: அமேசான் வேன் ஓட்டறேன், எனக்கு ஏன் இந்த சீனியாரிட்டி எல்லாம் இல்ல?

உங்களுக்குச் சம்பளம் குடுக்கறது அமேசான் இல்ல தம்பி, நடுவுல இருக்கற டெலிவரி பார்ட்னர் கம்பெனி. யூனியன் ஒப்பந்தம் இல்லாத இடத்துல சீனியாரிட்டி சட்டப்படி தானா வராது, அது ஒப்பந்தத்துல எழுதி வாங்கறது. 2023ல கலிஃபோர்னியா பாம்டேல்ல அப்படி ஒரு பார்ட்னர்கிட்ட வேலை பாத்த டிரைவர்கள் டீம்ஸ்டர்ஸ்ல சேர்ந்தாங்க, 'அவங்க எங்க ஊழியரே இல்ல'ன்னு அமேசான் சொன்னதுலதான் சண்டையே.

கேள்வி: சட்டம் படிக்கிறேன் அங்கிள். சீனியாரிட்டி நியாயமான வரிசைன்னு யூனியன்காரங்க சொல்றாங்க. வரிசையில நிக்கவே விடாம வெச்சிருந்தவங்களுக்கு அது என்ன நியாயம்?

பாப்பா, இந்தக் கேள்வியை எதிர்பாத்துக்கிட்டே இருந்தேன். ரேஷன் கடை வரிசைன்னு மேல பெருமையா எழுதிட்டேன், இப்ப அதோட இன்னொரு பக்கம். டைம்-டிசின்னு ஒரு லாரிக் கம்பெனி, நாடு முழுக்க ஓடினது. ஊர் விட்டு ஊர் ஓட்டற லைன் டிரைவர் வேலையில நல்ல காசு, அதுல வெள்ளைக்காரங்க. கறுப்பின மக்களையும் ஸ்பானியப் பேர் வெச்சவங்களையும் ஊருக்குள்ள ஓட்டற வண்டியிலயும் டெர்மினல் வேலையிலயும் வெச்சாங்க. யூனியன் ஒப்பந்தத்துல லைன் டிரைவருக்குத் தனி சீனியாரிட்டி. பத்து வருஷம் ஊருக்குள்ள ஓட்டினவர் லைனுக்கு மாறணும்னா பத்து வருஷத்தையும் கழட்டி வெச்சுட்டு, பூஜ்யத்துல இருந்து வரணும். யார் வருவா? கேஸ் பேரே 'டீம்ஸ்டர்ஸ் எதிர் அமெரிக்கா', 1977 மே 31. கம்பெனி பாகுபாடு பண்ணுச்சுன்னு உச்ச நீதிமன்றம் ஒத்துக்கிச்சு, ஆனா அந்த சீனியாரிட்டி முறை நேர்மையா உண்டாக்கினதுன்னும், 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு முந்தின பாகுபாட்டை அது தொடர்ந்து சுமந்தாலும் சட்டவிரோதம் இல்லைன்னும் சொல்லிடுச்சு. சட்டத்துக்கு அப்புறம் பாதிக்கப்பட்டவங்களுக்கு மட்டும் முன்தேதியிட்ட சீனியாரிட்டி வாங்க வழி விட்டாங்க. ஹார்டிசன் தீர்ப்பு வந்தது இதுக்குப் பதினாறே நாள் கழிச்சு, ரெண்டையும் சேத்துப் படி.

நான் யூனியன் ஆள், ஆனா அந்தத் தீர்ப்பு எனக்குக் கசக்கும். வரிசையை மேனேஜர் கலைக்க முடியாதுங்கறதுதான் அதோட பலம்னு சொன்னேன்ல, வரிசையே தப்பா ஆரம்பிச்சிருந்தா அந்தத் தப்பையும் யாராலயும் கலைக்க முடியாது. 22.4 பசங்களுக்கு நடந்ததுலயும் இதோட வாடை கொஞ்சம் இருந்துச்சு, உள்ள இருந்தவங்க கையெழுத்துப் போட்டு இனிமே வரப் போறவங்களைக் கீழ நிறுத்தினாங்க. எக்ஸாம்ல எதை எழுதினா மார்க் வரும்னு எனக்குத் தெரியாது, எனக்குப் பட்டதைச் சொன்னேன்.

கேள்வி: நானும் என் ரூம்மேட்டும் ஒரே நாள் ஒரே நேரத்துல சேர்ந்தோம். ரெண்டு பேர்ல யார் சீனியர்? (ஜெர்சி சிட்டி)

இதுக்கும் ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கும். சில இடத்துல சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட கடைசி நாலு எண், சில இடத்துல சீட்டுக் குலுக்கல், சில இடத்துல கடைசிப் பேரோட அகர வரிசை. அகர வரிசைன்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரு தமாஷ் இருக்கு, பாஸ்போர்ட்ல அப்பா பேர்தான் கடைசிப் பேரா போய் உக்காந்திருக்கும். எங்க அப்பா பேர் வைத்தியநாதன், இங்கிலீஷ் எழுத்து வரிசையில கடைசிக்கு அஞ்சாவது எழுத்து. என்னோட அதே நாள் சேர்ந்தவனோட அப்பா அருணாசலம். 18 வருஷமும் அவன் எனக்கு முன்னாடி, ரூட்லயும் சரி, டிசம்பர் லீவுலயும் சரி. ரிடையர்மெண்ட் பார்ட்டியில கேக் வெட்டறப்பக் கூட 'நான்தான் சீனியர்'னு முதல்ல அவன்தான் கத்தியை எடுத்தான்.